செருப்புப் போட்டுக் குளித்த கட்டடம்

எங்கள் தெருவில் செய்திகள் சலூனில்தான் பிறக்கின்றன. கழுத்துவரை துணி போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் எதையும் மறுத்துப் பேச மாட்டான். காதுக்குப் பக்கத்தில் கத்தி இருக்கிறது. ஆகவே அங்கே சொல்லப்படுவதெல்லாம் ஏகமனதாக நிறைவேறிவிடும்.

“விஷயம் தெரியுமா சார்?” என்றார் சலூன்காரர். “நம்ம வயர்மேன் பச்சை இருக்காரே, மச்சான் மேல இருந்த கோபத்துல அந்த நாலு மாடிக் கட்டடத்தோட மெயின் ஃபியூஸை உருவிட்டுப் போயிட்டாராம். பதினாறு வீடு. முந்தாநாள்லேர்ந்து கரண்ட் இல்ல. உருவினதை எங்க வெச்சிருக்கார் தெரியுமா? டிபன் பாக்ஸ்ல.”

“டிபன் பாக்ஸ்லயா? அப்ப சாப்பாட்டை என்ன பண்ணினார்?”

“அது தெரியல சார்” என்றார், தொழில் நேர்மையோடு.

பாதி முகத்தில் நுரையோடு நான் யோசித்தேன். பச்சையை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். அந்த மனிதர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் சுவிட்ச் போர்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்து, “பச்சை எங்க?” என்று கேட்பார். வீட்டுக்காரருக்குப் புரியாது. எர்த் கம்பி என்பது பச்சை நிறத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது பச்சையாகவும் இருக்காது, கறுப்பாகவும் இருக்காது, இருக்கவே இருக்காது. “அது போட்டாத்தான் மத்ததைத் தொடுவேன்” என்பார். “அது எதுக்கு? அது இல்லாமலேதான் எல்லாம் எரியுதே?” என்பார் வீட்டுக்காரர். பச்சை ஸ்க்ரூட்ரைவரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்படிக் கிளம்பிக் கிளம்பியே அந்தப் பெயர் வந்தது. வருமானம் வரவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதையும் அவர் முதலில் புறங்கையால்தான் தொடுவார். ஃப்ரிட்ஜ், கிரைண்டர், இரும்பு கேட், ஜன்னல் கம்பி எல்லாமே அப்படித்தான். உள்ளங்கையால் தொட்டு அதில் கரண்ட் இருந்தால் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், விடாது. புறங்கை என்றால் கை விலகி வந்துவிடும். இது தொழில் பாடம். ஆனால் பச்சைக்கு அது தொழிலோடு நிற்கவில்லை. பிறந்த மகளைக் கொண்டுவந்து காட்டியபோது கன்னத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாராம். நர்ஸ் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

இப்படிப்பட்டவர் பதினாறு வீட்டை இருட்டாக்கினார் என்றால் நம்பலாமா? முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக அந்தக் கட்டடத்துக்குப் போனேன்.

வாசலிலேயே குடியிருப்போர் சங்கச் செயலாளர் நின்றிருந்தார். அவரை எல்லோரும் சர்க்குலர் என்றுதான் கூப்பிடுவார்கள். படியில் எச்சில் துப்பாதீர் என்பதிலிருந்து படியில் சத்தமாக ஏறாதீர் என்பதுவரை எல்லாவற்றுக்கும் தட்டச்சு செய்த தாள் ஒட்டுவார். அன்று அவர் கையில் ஒரு கோப்பு.

“பத்திரிகைக்காரரா? வாங்க, வாங்க. எழுதுங்க” என்றார். “பதினாறு ஃப்ரிட்ஜ். பதினாறுலயும் இருந்தது நாறிப்போச்சு. சதி சார் இது. லைசென்ஸ் ஆபீசுக்கு மனு குடுத்திருக்கேன். நாளைக்கு விசாரணை. லைசென்ஸைப் பிடுங்காம விடப்போறதில்ல.”

மனு கொடுத்த மூன்றாம் நாள் விசாரணை! ஓர் அலுவலகம் இப்படியும் வேலை செய்யுமா? இந்த விவகாரத்தில் எனக்கு முதல் அதிர்ச்சி அதுதான். அது எவ்வளவு சின்ன அதிர்ச்சி என்று அப்போது தெரியாது.

“வேற வயர்மேனைக் கூப்பிட்டு ஃபியூஸ் போட்டுக்கலாமே?”

“கூப்பிட்டேன். வந்தான். பார்த்தான். ‘பச்சை உருவினதா? அப்ப நான் சொருக மாட்டேன்’னுட்டுப் போயிட்டான். எல்லாம் கூட்டுக் களவாணிங்க.”

பேசிக்கொண்டே திரும்பியபோதுதான் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். அதில் ஒரு தாள்.

‘அனைத்துக் குடியிருப்போர் கவனத்திற்கு. கடந்த சில நாட்களாகக் குழாய்களில் லேசான அதிர்வு உணரப்படுவதாகப் புகார்கள் வந்துள்ளன. எனவே மறு அறிவிப்பு வரும்வரை குளிக்கும்போதும் குழாயைத் திறக்கும்போதும் ரப்பர் செருப்பு அணியுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. சிறுவர்களுக்கும் பொருந்தும். இப்படிக்கு, செயலாளர்.’

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை சத்தமாகப் படித்தேன். எழுத்து மாறவில்லை.

“இது... நீங்க எழுதினதா?”

“வேற யாரு எழுதுவா?” என்றார் பெருமையாக. “பதினோரு நாள். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல பாருங்க. அந்த சர்க்குலர் போட்டதாலதான்.”

நாலாவது மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார், பள்ளி ஆசிரியை. கையில் ஈரத்துணி வாளி, காலில் நீலச் செருப்பு.

“மேல வந்து பாருங்க சார், குளியலறையில நாலு ஜோடி செருப்பு காயுது” என்றார். “முதல் நாள் என் பையன் ‘அம்மா, குழாய் கடிக்குது’ன்னு அழுதான். எறும்பா இருக்கும்னு நினைச்சு குழாயைத் துடைச்சேன். என்னையும் கடிச்சுது. இவர்கிட்ட சொன்னேன். இவர் தாள் ஒட்டினார். நாங்களும் படிச்சவங்கதானே, படிச்சோம், போட்டுக்கிட்டோம். என் பையன் ஒரு நாள் செருப்பு இல்லாம உள்ள போயிட்டான்னு அவனை அடிச்சிருக்கேன் சார். குழாயை விட்டுட்டு அவனை.”

“பச்சை எப்ப வந்தாரு?”

“எங்க வீட்டுக் காலிங் பெல் ரிப்பேருன்னு நான்தான் வரச்சொன்னேன். வந்தவரு கை கழுவணும்னாரு. ‘செருப்பு போட்டுக்குங்கண்ணா’ன்னேன். ‘ஏம்மா, வழுக்குமா?’ன்னாரு. ‘இல்ல, ஷாக் அடிக்கும்’னேன். சார், அவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. பேயைக் காட்டினா கூட அப்படி ஆகாது. புறங்கையால குழாயைத் தொட்டாரு, கை தெறிச்சுது. டெஸ்டரை வெச்சாரு, எரிஞ்சுது. ஃப்ரிட்ஜ்ல வெச்சாரு, எரிஞ்சுது. எதிர் வீட்டுக் கதவைத் தட்டி அங்க வாஷிங் மெஷின்ல வெச்சாரு, அதுவும் எரிஞ்சுது. ‘யாரும் எதையும் தொடாதீங்க’ன்னு கத்திக்கிட்டே நாலு மாடியும் ஓடி இறங்கினாரு. அப்புறம் இருட்டு.”

பகல் பதினோரு மணிக்கு. சர்க்குலர் இதையெல்லாம் கேட்டபடி கோப்பின் மூலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மாலையில் பச்சையின் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறையும் சமையல் மூலையும். சுவரில் மாட்டியிருந்த கம்பிச் சுருள்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அவருடைய லைசென்ஸ் அட்டை, இருபத்திரண்டு வருடத்து முத்திரைகளோடு. அந்த வீட்டுச் சுவரில் மாட்டிய படம் வேறெதுவும் இல்லை. பச்சை தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே டிபன் பாக்ஸ். திறந்து காட்டினார். மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகள், துணியில் சுற்றி, தொட்டில் பிள்ளை மாதிரி.

“சாப்பாட்டை என்ன பண்ணினீங்க?” என்றேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

“பையில வெச்சா கொட்டிடும்னு படிக்கட்டுல உட்கார்ந்து சாப்பிட்டுட்டேன் சார். ருசியே தெரியல. ஆனா சாப்பிட்டேன்.”

“அதைச் சொல்லி எனக்கு மூணு நாளா தூக்கம் போச்சு” என்றார் மனைவி அடுப்பருகிலிருந்து. “ஊரே திட்டுது, இவர் சாதம் சாப்பிட்டேன்றாரு. தம்பி, நீங்களாவது கேளுங்க. இந்த அட்டை போச்சுன்னா இந்த ஆளை ஒரு பல்பு மாத்தக்கூட யாரும் கூப்பிட மாட்டாங்க. பொண்ணு இந்த வருஷம்தான் காலேஜ் சேர்ந்திருக்கா.”

“எதுக்கு அட்டை போகணும்? நீங்க செஞ்சது சரிதானே?” என்றேன்.

அறையின் மறுபக்கம் கட்டிலில் படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். அவர்தான் மச்சான்; பச்சையின் மனைவிக்கு அண்ணன், தொழில் பிளம்பர்.

“நான் சொல்றேன் சார். அந்தக் கட்டடத்துல கீழ்ப் பைப்பு துருப்பிடிச்சு ஒழுகுச்சு. செயலாளர் கூப்பிட்டாரு. மீட்டர் ரூம் மூலையில, மண்ணுக்குள்ள இறங்கற இடத்துல, ஒரு முழ நீளம் வெட்டி எடுத்துட்டு பிளாஸ்டிக் பைப்பு போட்டேன். இனி துருவே பிடிக்காது. நல்ல வேலை. போன மாசம்.”

“சரி.”

“அந்தப் பைப்பைக் கவ்வி ஒரு கிளாம்பும் பச்சைக் கம்பியும் இருந்துச்சு. நான் அதைத் தொடவே இல்ல. அது மேல, நான் வெட்டினது கீழ. அவ்வளவு ஜாக்கிரதையா வெட்டினேன்!”

எனக்குப் புரியவில்லை. பச்சை தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

“ஒவ்வொரு வீட்டுலயும் ஃப்ரிட்ஜ், ஹீட்டர், மெஷின், எல்லாத்தோட இரும்பு உடம்புலேர்ந்தும் ஒரு பச்சைக் கம்பி வரும் சார். உள்ள கோளாறு ஆகி கரண்ட் உடம்புக்கு வந்துட்டா, இந்தக் கம்பி வழியா மொத்தமா பாயும். பாய்ஞ்சா ஃபியூஸ் பொசுங்கும். ஆள் பிழைப்பான். இந்தக் கம்பிக்கு வாழ்நாள் பூரா வேலையே கிடையாது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நொடி வேலை. அந்த நொடி அது இருக்கணும்.”

எங்கள் அலுவலகத்திலும் அப்படிச் சிலர் உண்டு. அந்த நொடியிலும் இருக்க மாட்டார்கள். ஆனால் சொல்லவில்லை. அவர் முகம் சிரிக்கிற நிலையில் இல்லை.

“அந்தப் பதினாறு வீட்டுப் பச்சையும் ஒண்ணா சேர்ந்து கீழ வந்து அந்த இரும்புப் பைப்புல முடியுது. பைப்பு மண்ணுல இருக்கே, அதுதான் எர்த்துன்னு வெச்சது. நடுவுல ஒரு முழம் பிளாஸ்டிக் ஆயிடுச்சு. இப்ப மண்ணுக்குப் போற வழி அடைஞ்சுபோச்சு. மூணாவது மாடி ஹீட்டர் ஒண்ணு கெட்டுப்போச்சு. கரண்ட் பச்சையில ஏறுச்சு. கீழ போக வழியில்ல, ஃபியூஸ் பொசுங்கவும் இல்ல. அப்ப எங்க போகும்?”

“எங்க?”

“பதினாறு வீட்டுக்கும் சார். அதே பச்சைக் கம்பி வழியா. காப்பாத்தறதுக்குன்னு போட்ட கம்பிதான் ஒரு வீட்டுச் சாவை எல்லா வீட்டுக் குழாய்க்கும் கொண்டு போய் பங்கு வெச்சிருக்கு.”

அந்த ஆசிரியை குழாயைத் துடைத்த ஈரத்துணி ஞாபகத்துக்கு வந்தது.

“அப்படின்னா யாரோ ஒருத்தர் தண்ணிப் பைப்பை நம்பி எர்த் கட்டியிருக்கார். அவரைத்தான் பிடிக்கணும்” என்றேன் ஆவேசமாக. “எந்த மடையன் கட்டினான் அதை?”

மனைவி அடுப்பைத் தணித்தார். மச்சான் மறுபடி படுத்துக்கொண்டார்.

“ஃபியூஸை உருவினப்புறம் டார்ச் அடிச்சுப் பார்த்தேன் சார்” என்றார் பச்சை. “கிளாம்புக்குக் கீழ பைப்புல பெயின்ட் சுரண்டியிருந்துச்சு. பெயின்ட் மேல கிளாம்பு போட்டா கம்பியும் இரும்பும் ஒட்டாதுன்னு, சுத்தமா வட்டமா சுரண்டியிருந்துச்சு. இந்த ஏரியாவுல அப்படிச் சுரண்டறவன் ஒருத்தன்தான். அங்கயே ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு உட்கார்ந்துட்டேன்.”

இருபத்திரண்டு வருடம் முன்பு. லைசென்ஸ் கைக்கு வந்த புதிது. அந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ‘எர்த்துக்குத் தனியா குழி வெட்டி இரும்பு ராடு இறக்கணும்’ என்று இவர் கேட்டிருக்கிறார். ‘பைப்பு சும்மா மண்ணுக்குள்ளதானே கிடக்கு, அதுல கட்டுடா’ என்றாராம் காண்ட்ராக்டர். கட்டினார். அதே கட்டடத்தில் பைப்பு வேலை பார்த்த இளைஞன்தான் மச்சான். அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தங்கைதான் இப்போது அடுப்பருகில் நிற்பவர். அதாவது, எர்த் முடிச்சும் கல்யாண முடிச்சும் ஒரே மீட்டர் அறையில் விழுந்தவை. பின்னது உறுதியாக இருக்கிறது.

“அதுக்கப்புறம் ரெண்டு மூணு வருஷத்துல புத்தி வந்துச்சு” என்றார். “பைப்பு நம்ம கையில இல்ல, எப்ப யார் வேணா வெட்டுவாங்கன்னு புரிஞ்சுச்சு. அப்புறம் எல்லா வீட்டுலயும் ராடுதான். ஆனா பழசைத் திரும்பிப் போய்ப் பார்க்கல. பார்க்கணும் பார்க்கணும்னு நினைச்சேன். நினைச்சதோட சரி.”

“பைப்பு என் சப்ஜெக்ட், கம்பி உன் சப்ஜெக்ட்” என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. “என் பைப்புல உன் கம்பியைக் கட்டச் சொன்னது யாரு மாப்ள?”

“வெட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மச்சான்.”

“கேட்டா, ‘பச்சை எங்க’ன்னு ஆரம்பிப்ப. ஒரு வேலை முடியாது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், நாளைக்கு அங்க யாரு கட்டினதுன்னு கேப்பாங்க. அந்தக் காண்ட்ராக்டர் செத்து ஒன்பது வருஷமாச்சு. அவர் தலையில போட்டுட வேண்டியதுதான். செத்தவருக்கு லைசென்ஸ் எதுக்கு? தெரியாதுன்னு ஒரு வார்த்தை. அட்டை சுவத்துலயே இருக்கும். நீங்களாவது சொல்லுங்க.”

நான் சொன்னேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னேன். “அவர் சொல்றதும் ஒரு வழிதான்” என்றேன். பச்சை என்னைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பி, லைசென்ஸ் அட்டையின் உறையைப் புறங்கையால் ஒருதரம் தொட்டார்.

மறுநாள் விசாரணை. மாடி அறை, நீள மேசை, அதிகாரி ஓர் அம்மாள்; மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஆளைப் பார்ப்பவர். ஒரு பக்கம் சர்க்குலர், கோப்போடு. மறுபக்கம் பச்சை, டிபன் பாக்ஸோடு. பின் வரிசையில் நானும் மச்சானும் ஆசிரியையும்.

சர்க்குலர் அரை மணி நேரம் பேசினார். ஒவ்வொரு ஃப்ரிட்ஜிலும் என்னென்ன கெட்டது என்று பட்டியல் படித்தார். தான் எவ்வளவு பொறுப்பானவர் என்பதற்கு ஆதாரமாக அந்தச் செருப்புத் தாளின் நகலையும் அவரே நீட்டினார்.

அதிகாரி அதைப் படித்தார். கண்ணாடியை இறக்கி மறுபடி படித்தார்.

“சிறுவர்களுக்கும் பொருந்தும்” என்று மெல்ல வாசித்தார். “பதினோரு நாளா?”

“ஆமாம் மேடம். ஒரு அசம்பாவிதமும் இல்ல.”

“உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?”

“நானும் என் சம்சாரமும், பேத்தியும் மேடம்.”

“பேத்திக்கு என்ன வயசு?”

“மூணு.”

“அவளுக்குச் செருப்பு அளவு கிடைச்சுதா?”

சர்க்குலர் கையை நீட்டி அந்த நகலைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். அந்தத் தாளை ஒட்டி இத்தனை நாளாகி, அவர் அதை முதன்முதலாக அப்போதுதான் படித்தார் என்று நினைக்கிறேன். கோப்பை மூடினார்.

அதிகாரி பச்சையிடம் திரும்பினார். “உத்தரவில்லாம மெயின் ஃபியூஸை உருவினது தப்புன்னு தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“விஷயம் தெரிஞ்சவர்தானான்னு நான் பார்க்கணும். எர்த் கம்பியில ஃபியூஸ் போடலாமா?”

“கூடாது மேடம்.”

“சுவிட்ச்?”

“கூடவே கூடாது. அதை நிறுத்தற எதுவும் நடுவுல வரக்கூடாது.”

“ஒரு சாக்கெட்டைக் கழட்டினா அடுத்த சாக்கெட்டுக்கு எர்த் போகுமா?”

“போகணும் மேடம். கம்பிங்களை ஒண்ணா முறுக்கி, ஒரு வால் விட்டு, அந்த வாலைத்தான் சாக்கெட்டுல மாட்டணும். சாக்கெட் போனாலும் கம்பி அறுபடாது.”

“எந்தக் கனம்?”

“கரண்ட் போற கம்பிக்கும் அதோட ஃபியூஸுக்கும் ஈடு கொடுக்கற கனம். மெலிசா போட்டா, வேலை வர்ற அந்த நொடியில அதுவே உருகிடும்.”

“அந்தக் கம்பி எந்த வழியா போகணும்?”

“கரண்ட் கம்பிங்களோட, அதே ஒயரிங் குழாய்லயே போகணும். தனியா சுத்தி வரக்கூடாது.”

பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல டக் டக்கென்று வந்தது. பின் வரிசையில் மச்சான் மெல்லத் தலையாட்டி ரசித்தார். அடுத்த கேள்வியைக் கேட்டதும் தலை நின்றுவிட்டது.

“தண்ணிப் பைப்பை மட்டும் எர்த்தா நம்பலாமா?”

“கூடாது மேடம்.”

“யாரு நம்பினது?”

சர்க்குலருக்குத் தெரியாது. ஆசிரியைக்குத் தெரியாது. கோப்பில் இல்லை. அந்த அறையில் தெரிந்தவர்கள் மூவர். இருவர் பின் வரிசையில் இருந்தோம்.

“நான்தான் மேடம்” என்றார் பச்சை. “இருபத்திரண்டு வருஷம் முன்னாடி. அந்தக் கிளாம்பு நான் போட்டது.”

“அட கடவுளே” என்று மச்சான் வாய்விட்டுச் சொன்னார். நான் பேனாவைத் தவறவிட்டேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“யாரும் கேக்கலன்னா சொல்லியிருக்க மாட்டீங்களா?”

“கேக்கலன்னாலும் சொல்லணும்னுதான் இதைக் கொண்டுவந்தேன் மேடம்.” சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். “இதே மாதிரி பைப்புல கட்டின இடம் மொத்தம் ஒன்பது. மூணு நாளா உட்கார்ந்து ஞாபகப்படுத்தி எழுதினேன். இந்தக் கட்டடம் முதல்ல இருக்கு.”

அதிகாரி அதை வாங்கி, குறிப்பெடுக்கும் குமாஸ்தாவுக்காக ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார். அச்சகம் ஒன்று. மருந்துக்கடை மாடி ஒன்று. நான் விழுந்த பேனாவைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன்.

“ஏழாவது, தபால் ஆபீசுக்குப் பின்பக்கம், தரை வீடு, நீலக் கதவு.”

நாற்காலிக்கடியில் குனிந்த நிலையிலேயே நின்றுவிட்டேன். தபால் அலுவலகத்துக்குப் பின்னால் நீலக் கதவு ஒன்றுதான் இருக்கிறது. எட்டு வருடம் முன்பு அதை நான்தான் விலைக்கு வாங்கினேன்.

உத்தரவு இரண்டு பாகமாக வந்தது. ஆபத்தில் ஃபியூஸை உருவியது குற்றமில்லை. பைப்பில் கட்டியது குற்றம். லைசென்ஸ் முப்பது நாள் நிறுத்தம். அதற்குள் இன்னொரு வயர்மேன் மேற்பார்வையில் ஒன்பது இடத்திலும் ராடு இறக்கி, புதுப் பச்சைக் கம்பி இழுத்து, வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கி வர வேண்டும். ஒன்பதும் வந்தால் அட்டை திரும்பக் கிடைக்கும். எட்டு வந்தால் கிடைக்காது. பச்சை தலையாட்டிவிட்டு, சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த அட்டையைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். டிபன் பாக்ஸையும் பக்கத்தில் வைத்தார்.

நான் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். மனைவி சமையலறையில் ஃப்ரிட்ஜைத் திறந்துகொண்டிருந்தாள். காலில் செருப்பு. அவள் சமையலறையில் செருப்பைக் கழற்றுவதே இல்லை. தரை சில்லென்று இருக்கும், அதனால்தான் என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன்.

“எதுக்குச் செருப்பு போட்டிருக்கே?”

“என்ன திடீர்னு? நீங்கதானே சொன்னீங்க.”

“நானா?”

“ஃப்ரிட்ஜைத் தொட்டா கை கூசுதுன்னு சொன்னேன். பேப்பரிலேர்ந்து தலையைத் தூக்காமலே, ‘செருப்பைப் போட்டுக்கோ’ன்னீங்க. போட்டுக்கிட்டேன். ஏன், என்னாச்சு? ஏன் இப்படி முழிக்கறீங்க?”

நான் சர்க்குலரை நினைத்துச் சிரித்திருந்தேன். அவராவது தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டிருந்தார்.

எங்கள் வீட்டு முறை இருபதாம் நாள் வந்தது. வேலையை மேற்பார்க்க வந்தவர், ‘நான் சொருக மாட்டேன்’ என்று போன அதே வயர்மேன். குழி வெட்ட மச்சான். “குழி என் சப்ஜெக்ட்” என்று சொல்லிக்கொண்டே வெட்டினார். பச்சை உள்ளே வந்ததும் ஃப்ரிட்ஜைப் புறங்கையால் தொட்டார். என் மனைவியின் காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கருவிப் பையைத் திறந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலை முடிந்து, கையெழுத்துப் போடும் நேரத்தில் நான் மெல்ல ஆரம்பித்தேன். பின்கட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது. அதன் சாக்கெட்டை நான்தான் வேறு ஆளை வைத்து மலிவாகப் போட்டேன். உள்ளே இரண்டு கம்பிதான், பச்சை இல்லை. அது உத்தரவில் இல்லை, அவர் செய்த தவறும் இல்லை.

“மூணு மீட்டர் போதும்” என்றார் பச்சை எட்டிப் பார்த்துவிட்டு. சுருளிலிருந்து வெட்டினார். போட்டார். பணம் எடுத்தேன், கையை மறித்தார். “உத்தரவு முடியறவரைக்கும் நான் காசு வாங்கி வேலை செய்யக்கூடாது சார். அதே கம்பி மூணு மீட்டர் வாங்கித் திருப்பிக் குடுத்துடுங்க. சரியாப் போச்சு.”

இருபத்தொன்பதாம் நாள் ஒன்பதாவது இடம், ஒரு தையல் கூடம். அங்கே போர்டிலிருந்து குழிவரை சுருளை நீட்டிப் பார்த்தால் மூன்று மீட்டர் குறைகிறது. ஒயரிங் குழாய்க்குள் ஓடும் எர்த் கம்பியில் நடுவில் ஒட்டுப் போடக் கூடாது. அன்று ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பாதி மூடியிருந்தன. இதையெல்லாம் எனக்கு மச்சான்தான் வந்து சொன்னார், மூச்சிரைக்க. “சார், அந்த மூணு மீட்டர் வாங்கி வெச்சிருக்கீங்களா?”

வாங்கித்தான் வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு ஓடினேன். பச்சை வாங்கி, நுனியைச் சீவி, விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார்.

“இது பச்சையாத்தான் இருக்கு சார். உள்ள கம்பி எங்க? நான் குடுத்ததுல பாதிகூட இல்லியே.”

“கடைக்காரர் எல்லாம் ஒண்ணுதான்னார்...”

“விலை எவ்வளவு குறைச்சல்?”

சொன்னேன். சரியான கனமாக இருந்தாலும் மூன்று மீட்டர் துண்டு அங்கே உதவியிருக்காது, ஒட்டுத்தானே போட வேண்டும் என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டேன். என் பின்கட்டுக்கு வெட்டாமல் இருந்திருந்தால் குறைந்தே இருக்காது என்பது அந்த வாதத்தில் வரவில்லை.

மச்சானின் சைக்கிளை எடுத்துக்கொண்டு பச்சை போனார். இரண்டு கடை பூட்டு. மூன்றாவது கடைக்காரரை வீட்டிலிருந்து எழுப்பி, தன் மனைவி கொடுத்த பணத்தில் முழுச் சுருள் ஒன்று வாங்கி, வெயில் சாய்வதற்குள் வேலையை முடித்தார். மறுநாள் ஒன்பது கையெழுத்தும் மேசைக்குப் போயின. அட்டை புதிய முத்திரையோடு சுவருக்குத் திரும்பியது. சலூனில் இப்போது வேறு கதை ஓடுகிறது: பச்சை அதிகாரிக்கே ஷாக் வைத்துப் பார்த்தார் என்று. நான் துணிக்கடியில் இருந்ததால் மறுக்கவில்லை.

அந்த மூன்று மீட்டர் கடன் மட்டும் அப்படியே நிற்கிறது. சரியான கனத்தில் கடையில் துண்டு வெட்டித் தர மாட்டோம் என்கிறார்கள். முழுச் சுருள் வாங்க எனக்கு மனம் வரவில்லை. மெலிந்த கம்பி சமையலறை ஆணியில் தொங்குகிறது. பச்சை அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் உள்ளே நுழைந்து ஃப்ரிட்ஜைப் புறங்கையால் ஒருதரம் தொடுவார். என் மனைவி வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்துக்கொள்வார். பிறகு ஆணிப் பக்கம் கண் போகும்.

“அதே கனம் சார்” என்பார். “ஒட்டில்லாம.”